செங்கல் சூளையில் ஒரு சாவு

நான்சாங் நகரத்துப் பாங் ஷூயிங்குக்கு இரண்டு வேலைகள். ஒரு மருந்துக் கம்பெனிக்கு இணையப் பக்கங்கள் வடிவமைப்பது ஒன்று. அதற்குச் சம்பளம் உண்டு. ‘செங்கல் சூளை’ என்ற இணைய மன்றத்தைக் கட்டி மேய்ப்பது இன்னொன்று. அதற்கு வசவு உண்டு. பழைய வைஃபை பெட்டிகளுக்குள் சொந்த மென்பொருளை ஏற்றிப் பார்க்கும் ஆசாமிகள் கூடும் இடம் அது. ஏற்றுவதில் கொஞ்சம் பிசகினாலும் பெட்டி செத்து வெறும் செங்கல்லாகிவிடும். பெயர் வந்தது அப்படித்தான்.

அங்கே ஒருவர் ஏதாவது எழுதினால் அது ஒரு வீடு, எழுதியவர் வீட்டுக்காரர். முதலில் பதில் போட ஓடி வருகிறவருக்கு சோபா. அப்புறம் வருகிறவர்கள் ஆளுக்கொரு மாடியாகக் கட்டிக்கொண்டு போகவேண்டியதுதான். சண்டை மூண்டால், ‘தர்பூசணி தின்ன வந்தோம்’ என்று அறிவித்துவிட்டு வேடிக்கைக் கூட்டம் ஒன்று வந்து குந்திவிடும்.

தர்பூசணிக்குப் பஞ்சமே இல்லாமல் பார்த்துக்கொண்டவர் ஃபெங் பைசெங். ஹெஃபெய்க்காரர், ஐம்பதைத் தாண்டியவர், தனிக்கட்டை. யார் எதைச் சொன்னாலும் அவருடைய பதில் ‘இல்லை’ என்றுதான் தொடங்கும். மன்றத்தில் அவருக்கு ‘வாதப் பூதம்’ என்று பட்டம். ஆன்டெனாவை எந்தப் பக்கம் சாய்க்கவேண்டும் என்பதில் நிங் தோங்சூ என்ற இளவட்டத்தோடு நாள்கணக்கில் மல்லுக்கட்டினார். கடைசியில் நிங், “உங்க மூளை செங்கல்லாகி ரொம்ப நாளாச்சு பெரியவரே. போய்ப் படுத்துடுங்க” என்று எழுதினான். அதற்கப்புறம் ஃபெங்கிடமிருந்து ஒரு ‘இல்லை’ கூட வரவில்லை.

ஒரு சனிக்கிழமை, ஃபெங்குக்குப் பக்கத்து வீடு என்று சொல்லிக்கொண்டு புது ஆள் ஒருவன் எழுதினான்: ஆம்புலன்ஸ் வந்து தூக்கிப் போனது, முகத்தில் உயிர்க்களையே இல்லை, திரும்பி வரவும் இல்லை. போதாதா? வரிசையாக மெழுகுவர்த்திப் படங்கள் எரிய ஆரம்பித்தன.

ஷூயிங் ஒரு போன் போட்டு விசாரித்திருக்கலாம். ஆனால் நாட்டுக்குப் பெரிய துக்கம் வந்தால் இணையதளங்களெல்லாம் நிறத்தைக் களைந்து சாம்பல் நிறத்துக்கு மாறிவிடுவது அங்கே வழக்கம்; பிந்துகிறவர்களுக்கு நல்ல பேர் கிடைப்பதில்லை. தொழில் தெரிந்த அவளுக்கு அது ஒரே ஒரு வரி நிரல். எழுதினாள், மன்றம் முழுக்கச் சாம்பலானது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது அவளுக்கு. எந்த உறுப்பினருக்கும் இதுவரை யாரும் இப்படிச் செய்ததில்லையே!

மாடிகள் ஏறின. ‘என் முதல் பெட்டியைப் பிழைக்கவைத்தது அவர்தான்.’ ‘திட்டிக்கொண்டே வழி சொல்லுவார், சொல்லாமல் போகமாட்டார்.’ உயிரோடு இருந்தபோது இதில் ஒன்றையாவது எவனாவது வாய்திறந்து சொன்னானா என்று கேட்காதீர்கள். நிங்கின் மாடிதான் எல்லாரையும் அழவைத்தது: ‘ஆன்டெனா விஷயத்துல நீங்க சொன்னதுதான் சரி ஐயா. அன்னைக்கே சாய்ச்சுப் பார்த்தேன், சிக்னல் வந்துச்சு. ஒத்துக்க வாய் வரல. மன்னிச்சிடுங்க.’

ஞாயிறு காலை, தெருமுனைக் கடையில் புருஷன் லெய்யோடு ஷூயிங் நூடுல்ஸ் கிளறிக்கொண்டிருந்தாள். போனைப் பார்த்தவள் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டாள்.

“என்னடி, மிளகா ஏறிடுச்சா?”

“செத்தவர் மெசேஜ் அனுப்பியிருக்கார்.”

“ஏன், மெழுகுவத்தி பத்தலையாமா?”

அவள் போனை அவன் பக்கம் திருப்பினாள். ‘ஆஸ்பத்திரியில இருக்கேன் பொண்ணே. வயித்துல ஓட்டை, தச்சுட்டாங்க. இப்பதான் போன் கையில குடுத்தாங்க. உடனே கலரை மாத்திடாதே. இன்னும் படிச்சு முடிக்கல. இப்படியெல்லாம் எழுதுவாங்கன்னா நான் முன்னாடியே செத்திருப்பேன்.’

லெய் சிரித்துப் புரையேறி இருமினான். “ரெண்டு நாள் விடேன், பாவம். படிச்சுட்டுப் போறார்.”

“அதுவரைக்கும் இத்தனை பேரும் அழுதுட்டு இருக்கணுமா?”

“நீ மாட்டிக்குவேன்னு பயப்படுறே.”

அதுவும் உண்மைதான். அதற்குள் நிங் போன் செய்தான். தூங்காதவன் குரல்.

“ஷூயிங் அக்கா, ஃபெங் ஐயா விலாசம் வேணும். ரயில்வே ஸ்டேஷனுக்கு வந்துட்டேன். அவர் வீட்ல யாராச்சும் இருந்தா கால்ல விழுந்துட்டு வரேன். போய்ப் படுத்துடுங்கன்னு நான்தானே எழுதினேன்?”

இதற்குமேல் எப்படி வாயை மூடிக்கொண்டிருப்பாள்? அவர் பிழைத்திருப்பதைச் சொல்லிவிட்டாள்.

நிங், “அப்ப எல்லாத்தையும் படிச்சிட்டாரா?” என்றான்.

“படிச்சிட்டிருக்கார்.”

“என்னோடதையுமா?”

பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டான்.

ஷூயிங் வீட்டுக்கு ஓடி அந்த ஒரு வரியை எடுத்தாள். நிறம் வந்தது. மன்னிப்புக் கேட்டு எழுதினாள். ‘நிர்வாகியம்மா, எனக்கு எப்ப சாம்பல்?’ என்று ஒருவன் சோபாவைப் பிடித்தான். அதைக்கூடத் தாங்கிக்கொண்டாள். ஃபெங்குக்கு இரங்கல் எழுதிய வீட்டில் நடந்ததைத்தான் தாங்க முடியவில்லை. மாடி மாடியாகக் காலியாயிற்று. ‘எழுதியவரே நீக்கிவிட்டார்’, ‘எழுதியவரே நீக்கிவிட்டார்’. முதல் பெட்டியைப் பிழைக்கவைத்துக்கொண்டவன் போனான். வழி கேட்டவன் போனான். பிழைத்து வந்த ஆளுக்கு அந்த வார்த்தைகளைக் கொடுக்க ஒருத்தருக்கும் மனசில்லை.

ஃபெங்கிடமிருந்து செய்தி வந்தது. திட்டப்போகிறார் என்று நினைத்துத் திறந்தாள். ‘நிங்கோட மாடி இருக்கா பாரு. இங்க பக்கம் திறக்க மாட்டேங்குது.’

பார்த்தாள். இருந்தது. ரயில் நிலையத்திலிருந்து அவன் இன்னும் வீடு சேரவில்லை போலிருக்கிறது. யோசிக்க நேரமில்லை. மன்றத்தில் அந்த இரங்கல் வீட்டைப் பூட்டிவிட்டாள். நிர்வாகி பூட்டினால் யாரும் தன் எழுத்தைக்கூடத் தொட முடியாது.

கொஞ்ச நேரத்தில் நிங் எழுதினான்: ‘அக்கா, பூட்டை எடுங்க. ஒரே நிமிஷம் போதும். அது செத்தவருக்கு எழுதினது, இவருக்கு இல்ல. என் எழுத்துக்கா, என்னோடது.’

அவன் சொன்னதில் தப்பே இல்லை என்று ஷூயிங்குக்குத் தெரியும். அவள் ஃபெங்குக்குத்தான் பதில் போட்டாள்: ‘இருக்கு அண்ணே.’

உடனே திரும்பி வந்தது: ‘அவனாவா விட்டு வெச்சிருக்கான்?’

லெய் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை. “என்ன சொல்லப்போறே?”

ஷூயிங் ‘ஆமாம்’ என்று தட்டினாள். அனுப்பியும்விட்டாள். நிங்குக்கு அவள் இன்றுவரை பதில் போடவில்லை என்று கேள்வி.