நாற்பத்து மூன்று மூடிகள்

அருப்புக்கோட்டையில் மின் வேலைக்கு உரிமம் வைத்திருக்கிறவன் நான், சங்கரலிங்கம். கோபக்காரன் என்று பெயர். என் கையெழுத்துக்கு அலைந்து வெறுங்கையோடு திரும்பியவர்கள் வைத்த பெயர் அது. எனக்கு வருத்தமில்லை. தெரியாத வேலைக்குக் கையெழுத்துப் போட்டு நாளைக்கு ஒரு உயிர் போனால் யார் பதில் சொல்வது?

ஈஸ்வரி நரிக்குடியிலிருந்து வந்தாள். குழாய், கதவு, ஃபேன், மோட்டார் என்று எல்லா ரிப்பேருக்கும் ஒரே கடையாகப் போடப் போகிறாளாம். ஊராட்சியில் அனுமதி வாங்கிவிட்டாள். குழாய்க்கும் கதவுக்கும் அது போதும். கரண்டில் கை வைக்க வேண்டுமானால் தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும். அந்த விண்ணப்பத்தில், இவள் ஐந்து வருஷம் வேலை பார்த்தவள் என்று அவள் வேலையைப் பார்த்தறிந்த உரிமக்காரர் ஒருவர் கையெழுத்திட வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி நாள். விட்டால் அடுத்த வருஷம்தான்.

"பதினோரு வருசமா பாக்குறேன் அண்ணாச்சி," என்றாள்.

"யாருகிட்டம்மா கத்துக்கிட்ட?"

"யாருகிட்டயும் இல்ல. எங்க தோட்டத்து மோட்டார் நின்னுபோச்சு. நீங்க நாளைக்கு வாரேன், நாளைக்கு வாரேன்னு பத்து நாள் இழுத்தீக. பருத்தி வாடுச்சு. நானே கழட்டிட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. "ஒன் வேலைய நான் பாத்ததில்ல. கண்ணால பாக்காம போட மாட்டேன்," என்று படிவத்தைத் திருப்பித் தள்ளினேன்.

அவள் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை கடை வாசலில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. ஈஸ்வரி ஒரு சாக்கைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். ஓட்டி வந்தவர் வெள்ளத்துரை, வீரசோழன் பக்கத்தில் தோட்டம் வைத்திருக்கும் சம்சாரி. பின்னால் அடுக்கியிருந்தவை அத்தனையும் தோட்டத்து மோட்டார்களின் ஸ்டார்ட்டர் பெட்டி மூடிகள். மோட்டாரில் வேலை பார்க்கிறவர் அந்த மூடியின் உள்பக்கம் பெயரும் தேதியும் எழுதிவைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதற்காக மூடியையே கழற்றிக்கொண்டு வருவார்களா?

"போன்ல போட்டோ எடுத்துட்டு வந்தா ஆகாதா?"

"கண்ணால பாக்கணும்னு சொன்னீகளாம்ல," என்றார் வெள்ளத்துரை. "நாப்பத்து மூணு இருக்கு. எண்ணிக்கோங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "ஏய்யா, அங்க நாப்பத்து மூணு பெட்டி தெறந்து கெடக்கு. ஆடு மேய்க்கிற புள்ளைக எதுவும் கை வச்சா?"

ஈஸ்வரி சாக்கை என் மேசைமேல் கவிழ்த்தாள். மும்மூன்றாகக் கட்டிய ஃபியூஸ் கட்டைகள்; இவற்றைப் பிடுங்கிவிட்டால் பெட்டிக்குக் கரண்ட் வராது. ஒவ்வொரு கட்டிலும் தோட்டக்காரரின் பெயர் எழுதிய துணி.

"எல்லாத்தையும் பிடுங்கிட்டுத்தான் மூடியில கை வைக்க விட்டேன் அண்ணாச்சி."

மூடிகளை ஒவ்வொன்றாகத் திருப்பினேன். நாங்களெல்லாம் பெயரையும் தேதியையும் கிறுக்கிவிட்டுப் போகிற இடத்தில், என்ன கோளாறு, என்ன செய்தாள், செய்த பிறகு மோட்டார் எவ்வளவு கரண்ட் இழுத்தது என்று வரிவரியாக எழுதியிருந்தாள். முப்பது வருஷத் தொழிலில் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. படிக்கப் படிக்க மலைப்பாக இருந்தது.

ஒரு மூடியில் என் பெயர் இருந்தது. அதன் கீழே, எட்டு வருஷத்துக்கு முந்தைய தேதியில் அவள் எழுத்து: 'எர்த்து கம்பி இல்லை. போட்டாச்சு.'

நான் வேலை பார்த்த அன்றைக்குக் கம்பி தீர்ந்துபோயிருந்தது. நாளைக்கு வந்து போடுகிறேன் என்று கிளம்பியவன் போகவே இல்லை.

"அது நம்ம பெட்டிதான்," என்று வெள்ளத்துரை எட்டிப் பார்த்துச் சிரித்தார். "ஒங்க கை ராசி அண்ணாச்சி, நல்லா ஓடுது."

ஈரக் காலோடு நின்று தினமும் அந்த மோட்டாரைப் போடுகிற மனிதர்; எர்த்து இல்லாமல் கரண்ட் கசிந்திருந்தால் உயிரே போயிருக்கும். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அவர் டீக்கு இறங்கிப் போன பிறகு ஈஸ்வரி பக்கம் திரும்பினேன்.

"மூடிய மாட்டப் போறப்ப நானும் வாரேம்மா. அந்தப் பக்கம் நான் பாத்த மோட்டார் இன்னும் இருக்கு. எர்த்து இருக்கான்னு பாக்கணும்."

"நீங்க பாத்தது மொத்தம் ஏழு அண்ணாச்சி. மூணுல எர்த்து இல்லாம இருந்துச்சு. அந்த மூணுக்கும் போட்டுட்டேன்."

"யாருகிட்டயும் சொல்லலையா?"

"சொன்னா அப்புறம் ஒங்கள யாரு கூப்புடுவாக?"

படிவத்தை வாங்கினேன். உட்கார்ந்துகொண்டு போட மனசு வரவில்லை. எழுந்து நின்று கையெழுத்துப் போட்டேன்.