டிக் போட்ட பிறகு கேட்ட கேள்வி

அறுவைச் சிகிச்சைக் கருவிகளைக் கழுவி, துணியில் பொதிந்து, நீராவியில் கிருமி நீக்கி மேலே அனுப்புகிற பிரிவு எங்களுடையது. ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருக்கிறது. அதற்கு நான் பொறுப்பேற்று எட்டு மாதம் ஆகியிருந்தது. என் கீழே நான்கு பெண்கள். நான் நல்ல மேலாளர் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். குரலை உயர்த்தியதில்லை. தினமும் பதிவேட்டோடு ஒவ்வொருவரிடமும் போய், "எல்லாம் சரிதானே?" என்று கேட்பேன். தலையாட்டுவார்கள். அதைப் பிரியம் என்று எடுத்துக்கொண்டேன்.

இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவளுக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர். வைத்தது பொட்டலம் கட்டுகிற பெரியக்கா. இவள் வாயைத் திறக்க வேண்டுமென்றால் அதையும் நீராவியில்தான் வைக்க வேண்டும் என்பாள். ஊமைக்கோட்டான் சிரிப்பாள், அதோடு சரி.

அன்றும் சுற்றி வந்துவிட்டு அறையில் உட்கார்ந்தேன். பத்து நிமிடத்தில் அறுவை அரங்கின் நர்ஸிடமிருந்து போன். என் ஆள் ஒருத்தி கருவி வண்டியை உள்ளே விடாமல் மறித்துக்கொண்டு நிற்கிறாளாம்.

ஓடினேன். ஊமைக்கோட்டான் ஈர ஏப்ரனோடு அரங்கின் வாசலில் நின்றாள். இரண்டு கையும் வண்டியை இறுகப் பற்றியிருந்தன. ஒப்பந்தத் தொழிலாளி அவள். இப்படி மறித்ததற்காகவே அன்றே வேலையை விட்டு அனுப்பிவிடலாம். வண்டியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என்னிடம் நீட்டினாள். சூடு சரியாக ஏறியிருந்தால் அதில் ஒட்டியிருக்கும் டேப்பில் கறுப்புக் கோடுகள் விழும். விழவில்லை. வண்டியில் இருந்த எதிலும் விழவில்லை. உள்ளே ஒரு நோயாளி காத்திருந்தார்.

எனக்கு முதலில் நோயாளியின் நினைவு வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். இத்தனை பேர் முன்னால் தலைகுனிவாகிவிட்டதே என்றுதான் தோன்றியது. காலையில் நான் கேட்டபோது வாயில் என்ன கொழுக்கட்டையா என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. அவளுடைய மறு கை இன்னும் வண்டியை விடாமல் பிடித்திருப்பதைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன்.

அறுவை மருத்துவர் வெளியே வந்து இது யாருடைய தப்பு என்றார்.

"என்னோடது டாக்டர். கண்டுபிடிச்சது இவங்க. அரை மணி நேரம் குடுங்க, மாத்து செட் வந்துடும்."

மாற்றுக் கருவிகளை அனுப்பிவிட்டு லிஃப்டில் இறங்கும்போதுதான், காலையில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் மாறுகிற மாடி எண்களையே பார்த்தாள்.

"சொல்லணும்னுதான் நின்னேன் மேடம். நீங்க கேக்குறதுக்கு முன்னாடியே டிக் போட்டுடுறீங்க. போட்டதை எப்படி அடிக்கச் சொல்றது? யோசிச்சுக்கிட்டு நிக்கறதுக்குள்ள வண்டி மேல போயிடுச்சு."

எட்டு மாதமாகப் பேனா முந்திக்கொண்டிருக்கிறது. எனக்குத் தெரியவே இல்லை. எத்தனை காலைகளில் எத்தனை பேர் எதையெல்லாம் மென்று விழுங்கியிருப்பார்கள்?

"வேற என்ன இருக்கு?" என்றேன். சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். அந்த மௌனத்தை எதையாவது பேசி நிரப்பிவிட வாய் துடித்தது. கதவு திறந்து, யாரும் இறங்காததால் மறுபடி மூடிக்கொண்டது.

பிறகு சொன்னாள். இயந்திரக் கதவின் ரப்பர் மூன்று வாரமாகக் கசிகிறது. பெரியக்காவுக்கு மணிக்கட்டில் வலி, முடிச்சு இறுக்க முடியவில்லை, கேலி பேசியே மறைக்கிறாள். என்னை நம்ப அவளுக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை. வேலையையே பணயம் வைத்து வண்டியை மறித்தவள், இப்போது இதையும் நம்பி ஒப்படைத்தாள்.

மேலிடத்துக்கு எழுதிய விளக்கத்தில் தவறுக்கு என் பெயரையும் தடுத்ததற்கு அவள் பெயரையும் போட்டேன். இரண்டு நாளில் புது ரப்பர் வந்தது. பெரியக்காவைக் கழுவுகிற மேசைக்கு மாற்றினேன்.

"ஊமைக்கோட்டான் வாயைத் திறந்தா, என் மானம்தான் முதல்ல போகுது," என்றாள் பெரியக்கா, கைக்குக் கட்டுப் போட்டபடி.

"நீயா சொல்லியிருப்பியாக்கா?" என்றாள் ஊமைக்கோட்டான், இயந்திரத்தின் பக்கமிருந்து.

பெரியக்கா கட்டின் முனையைப் பல்லால் இழுத்து இறுக்கினாள். நன்றி சொல்லிவிட வேண்டுமென்று இயந்திரத்தின் பக்கம் போனேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நின்றேன்.

"மேடம், கதவைத் திறக்கப் போறேன். ஆவி அடிக்கும், கொஞ்சம் தள்ளிக்கோங்க."

தள்ளிக்கொண்டேன்.