துரைக்கு ஒரு விகுதி

1

இந்தக் கதை ஒரு விகுதியிலிருந்து பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விஷயத்தை மடியில் முடிந்து வைத்துக்கொண்டு கடைசிப் பக்கத்தில் அவிழ்க்கும் கதைகள் எனக்குப் பிடிக்காது.

போன மாசியில் எங்கள் நாய் இறந்தது. பார்த்தீர்களா, ‘இறந்தது’ என்று எழுதிவிட்டேன். பேனா பிடித்தால் கை தானாக இலக்கணம் பார்க்கிறது. வாய் பார்ப்பதில்லை. உடையார்கட்டில் எங்கள் வீட்டுப் படலையடியில் நின்று துணி வியாபாரி மஹ்றூப் நானாவிடம் நான் வாயால் சொன்னது இது: “எங்கட துரை செத்துப்போனான்.”

நாய் என்றால் செத்துப்போச்சு. மனிதன் என்றால் செத்துப்போனான். இந்தச் சின்ன வித்தியாசத்தால் மாங்குளத்திலிருந்து ஒரு பெண் இரண்டு பஸ் மாறி வந்து, என் முற்றத்தில் மார்பில் அடித்து அழுதா. கதை அவ்வளவுதான். மர்மம் வேண்டும் என்பவர்கள் பத்திரிகையின் அடுத்த பக்கத்துக்குப் போகலாம். நான் கோபிக்க மாட்டேன்.

2

முதல் தொடக்கம்: “மாசிப் பனி மூடிய வைகறையில், பாலைமரத்தின் கீழே ஒரு புதிய மண்மேடு, தன் துயரத்தை…”

அடித்துவிட்டேன். மண்மேட்டுக்கு என்ன துயரம்? அதோடு, வீட்டுக்காரர் வாசித்தால் “எந்த வைகறை? நீ குறட்டை விட்டுக்கொண்டெல்லோ கிடந்தனீ” என்பார். உண்மைதான். துரையைப் புதைக்க அவர் கிடங்கு வெட்டும் சத்தத்தில்தான் நான் எழும்பினேன்.

இரண்டாவது தொடக்கம்: “சிற்றம்பலம் என்றொரு கமக்காரன் இருந்தான்…”

இதில் இரண்டு சிக்கல். ஒன்று, சிற்றம்பலம் என் கணவர். பெண்சாதி புருஷனின் பெயரைச் சொல்லக்கூடாது என்பார்கள். எழுதக்கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை. எழுதுவாள் என்று அவர்கள் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆகவே எழுதுகிறேன். மற்றச் சிக்கல் அந்த ‘இருந்தான்’. நாய்க்கு ‘ன்’ போட்ட வாய்க்கு, புருஷனுக்கு ‘ன்’ போட வரவில்லை. ‘இருந்தார்’ என்றால் கதை புராணம் மாதிரி ஆகிவிடுகிறது.

ஆகவே தொடக்கமே இல்லை. நேரே பெயருக்குப் போவோம்.

3

அரசாங்கம் குளத்துக்குக் கீழே காணி தந்தபோது நாங்கள் குடாநாட்டிலிருந்து வந்து கொட்டில் போட்டோம். காணி என்பது கடதாசியில். கண்ணுக்குத் தெரிந்தது காடு. அவருடைய தம்பி ஐயாத்துரைக்கு வவுனியாவில் மரம் விற்கும் மரக்காலையில் கிளாக்கர் வேலை. வீட்டில் எல்லோருக்கும் அவர் துரை. காடு வெட்ட வாறன் வாறன் என்று சொல்லி அனுப்பிக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரு நாள் வந்தார், ஒரு சாக்குப் பையோடு. பைக்குள் ஒரு கறுத்த நாய்க்குட்டி.

“நான் நிக்க ஏலாது அண்ணை, லீவு இல்லை. இவன் நிப்பான்” என்று சொல்லிவிட்டு, அடுத்த பஸ்ஸில் போய்விட்டார்.

பஸ் மறைந்ததும் இவர் குட்டியைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு சொன்னார்: “கூப்பிட்டா வாற துரை ஒண்டாவது இந்தக் காணியில நிக்கட்டும்.”

அப்படி வந்த பெயர் அது. கோபத்தில் வைத்தது, பிறகு செல்லமாகிவிட்டது. ஆனால் அவருடைய பக்கத்துச் சொந்தம் யாரும் வந்தால் மட்டும் நாய்க்குப் பெயர் ‘கறுவல்’. நாங்கள் எவ்வளவு கெஞ்சினாலும் ‘கறுவல்’ என்ற கூப்பாட்டுக்கு அவன் திரும்பிப் பார்த்ததில்லை. மரியாதை தெரிந்த நாய்.

[இந்த இடத்தில் அவனுடைய அருமை பெருமைகளை ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தேன். எல்லா நாய்க்காரரும் எழுதுவதைத்தான் எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். ஒன்றை மட்டும் விடுகிறேன்: இவர் வயல் கொட்டிலில் இருந்து இருமினால் அவன் வரம்பிலிருந்து ஒரு தரம் குரைப்பான். இவர் திரும்ப இருமுவார். சளி இல்லாத இருமல். இரண்டு பேரும் கதைத்துக்கொள்வதாக எண்ணம்.]

4

கதிர் முற்றிய நேரம். வயலுக்குள் இறங்கிய பன்றியைத் துரை மறித்தான். பன்றி வயிற்றைக் கிழித்துவிட்டது. இவர் சால்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். வீடு வரைக்கும் உயிர் இருந்தது.

இதை நீட்டி எழுத எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். நான் இன்றைக்கும் மீன் வெட்டினால் தலையைக் குசினிக்குப் பின்னால் எறிகிறேன். அது அங்கேயே கிடக்கிறது. காகம்தான் கொண்டுபோகிறது.

நானாவது அழுதேன். அவர் அழவில்லை. பாலைமரத்தடியில் மண்ணுக்குள் தாட்டுவிட்டு வந்து கதிரையில் சாய்ந்து இருந்தவர், அதிலேயே இருந்தார். பிளேன்ரீ கொடுத்தால் குடித்தார். பக்கத்துக் காணி வீரகத்தியண்ணை வந்து, “நாய்தானே சிற்றம்பலம், என்ர பெட்டை குட்டி போட்டிருக்கு, ஒண்டு தாறன்” என்றார். இவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

எல்லாவற்றையும்விட மோசம், வயல் பக்கம் போகவே இல்லை. பன்றிகளுக்கு யார் சொன்னார்களோ தெரியாது, தெரிந்துவிட்டது. வரம்பு வரம்பாக உழக்கத் தொடங்கின.

“இஞ்சாருங்கோ, வயல் போகுது.”

“போகட்டும்.”

நெல்லுக்காக நான் பயப்படவில்லை, அவருக்காகத்தான் பயந்தேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். நெல்லுக்காகவும்தான் பயந்தேன். அந்த ஒரு விளைச்சலை நம்பித்தான் இருந்தோம். துரை செத்ததை ஒருவருக்கும் அவர் வாய் திறந்து சொல்லவில்லை. சொல்லாத வரைக்கும் கதிரையை விட்டு எழும்ப மாட்டார் என்று எனக்குப் பட்டது.

5

இந்த நேரத்தில்தான் மஹ்றூப் நானா சைக்கிளில் துணி மூட்டையோடு வந்தார். தண்ணீரூற்று ஆள். மாங்குளத்திலும் அவருக்கு வாடிக்கை உண்டு. அங்கே இருக்கும் விமலேஸ்வரி மச்சாளுக்கும் எங்களுக்கும் இடையில் சுகம் விசாரித்துச் செய்தி கொண்டுபோவது அவர்தான். விமலேஸ்வரி மச்சாள் என் கணவரின் தமக்கை. தாய் இல்லாத தம்பிமார் இரண்டு பேரையும் வளர்த்தவ.

மஹ்றூப் நானா நாய் இருக்கும் வளவுக்குள் வர மாட்டார். படலைக்கு வெளியே நின்று மணி அடிப்பார். அதனால் அவனுடைய பெயரும் அவருக்குத் தெரியாது.

“என்ன தங்கச்சி, முகமெல்லாம் வீங்கிக் கிடக்கு?”

“எங்கட துரை செத்துப்போனான் நானா.”

அவர் சைக்கிளை மரத்தில் சாத்தினார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, “இன்னாலில்லாஹி” என்று செத்தவர்களுக்குச் சொல்வதை வாய்க்குள் முணுமுணுத்தார். பிறகு, “இந்தப் படலையில இண்டைக்கு மூட்டை அவிழ்க்கக் கூடாது. பிறகு வாறன் தங்கச்சி” என்று சைக்கிளைத் திருப்பினார்.

நான் உருகிப்போனேன். நாய்க்கு இவ்வளவு மரியாதை செய்யத் தெரிந்த மனிதர் இந்த உலகத்தில் இருக்கிறாரே என்று உள்ளே ஓடி வந்து இன்னொரு தரம் அழுதேன்.*

* விஷயம் வெளித்த பிறகு அவரிடம் கேட்டேன். “நாயெண்டு தெரிஞ்சிருந்தாலும் அவிழ்த்திருக்க மாட்டன். உங்கட முகம் அப்பிடி இருந்தது” என்றார். வியாபாரி, பொய்யும் சொல்லியிருக்கலாம். நான் நம்புகிறேன்.

6

அடுத்த நாள் மத்தியானம் குசினியில் கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறேன். ஒழுங்கையில் ஒப்பாரி கேட்டது.

“ஐயோ என்ர துரை! என்ர ராசா! அக்காவுக்கு ஒரு சொல்லுச் சொல்லாமப் போட்டியோடா!”

விமலேஸ்வரி மச்சாள். வெள்ளைச் சீலை, அவிழ்ந்த தலை. எனக்கு உடனே விளங்கவில்லை. நாய்க்காக இவ்வளவு தூரம் வந்திருக்கிறாவே என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு உறைத்தது: நாய்க்கு அந்தப் பெயர் என்று இவவுக்குத் தெரியாதே! மஹ்றூப் நானா கொண்டுபோனது தம்பியின் சாவுச் செய்தி.

அதற்குள் அவர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். முற்றத்துக்குப் போனார். மச்சாள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு விழுந்தா. இத்தனை நாளும் கல்லாக இருந்த மனிதர் வாய்விட்டுக் கத்தினார்: “துரை செத்துப்போனானக்கா!”

சொல்லிவிட்டார்.

நான் கீரைப்பிடியோடு நின்றேன். ஒரே பெயரைச் சொல்லி, ஆளுக்கொரு துரைக்காக, அக்காவும் தம்பியும் அழுகிறார்கள். மச்சாளுக்கு உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அவ பெறாத பிள்ளைக்காக அழுகிறா. ஆனால் இவர் அழுகிறார். கொஞ்சம் அழட்டும் என்று பேசாமல் நின்றேன். கதை எழுதுபவள் என்ற முறையில் நான் செய்தது சரி. மச்சாள் முறையில் சரியோ தெரியாது.

“எங்க ராசா கிடத்தியிருக்கு?”

“பாலையடியில தாட்டிட்டனக்கா.”

மச்சாளின் அழுகை அப்படியே நின்றது. எங்கள் ஆட்களில் வளர்ந்தவர்களைத் தாட்பதில்லை, எரிப்பது.

“தாட்டதோ? எரிக்கேல்லையோ? எனக்கு முகமும் காட்டாமல் என்ர பிள்ளையை மண்ணுக்குள்ள போட்டனியோ?”

“நான் தனியத்தான் கிடங்கு வெட்டினனான். பண்டி வயித்தைக் கிழிச்சுப்போட்டுது. சால்வையில சுத்தித் தூக்கிக்கொண்டு வந்தனான். என்ர கையை நக்கினான் அக்கா. கடைசியா ஒருக்கா வாலை ஆட்டிப்போட்டுத்தான் கண்ணை மூடினவன்.”

“வாலோ?”

[சிரிப்பவர்கள் சிரிக்கலாம். எழுதும்போது நானும் சிரித்தேன். அன்றைக்குச் சிரிக்கவில்லை.]

“அப்ப… எங்கட துரை?”

“வவுனியாவில சுகமா இருக்கிறார் மச்சாள்” என்றேன்.

மச்சாள் முற்றத்து மண்ணில் அப்படியே குந்திவிட்டா. இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டா. கொஞ்சம் மூச்சு வந்ததும் தலையை நிமிர்த்திக் கேட்டா: “என்ர தம்பியின்ர பேரையோ நாய்க்கு வைச்சனீ?”

அவர் கண்ணைத் துடைத்தார். “ஓம் அக்கா.”

“ஏன்ரா?”

“கூப்பிட்டா வருவான் எண்டு.”

கூப்பிட்டால் வராத துரையை மச்சாளுக்கும் தெரியும்.

7

இந்தக் கதையில் எனக்குச் சந்தேகமான பாத்திரம் விமலேஸ்வரி மச்சாள்தான். கோபக்காரி என்று எழுதினால் கதைக்கு வசதி. உருகிவிட்டா என்று எழுதினால் வாசகருக்கு வசதி. நான் கண்டதை மட்டும் எழுதுகிறேன்.

எழுந்து கிணற்றடிக்குப் போனா. தண்ணீர் அள்ளித் தலையில் ஊற்றினா. நான் மாற்றுச் சீலை கொடுத்தேன், வாங்கிக் கட்டினா. (அந்தச் சீலை இன்னும் திரும்பவில்லை.) சோறு போட்டேன், தொடவில்லை. பாலைமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றா. ஈரச் சீலையைப் பிழியத்தான் நின்றாவோ தெரியாது. பிறகு படலையைத் திறந்துகொண்டு போய்விட்டா. ‘போயிட்டு வாறன்’ என்று சொல்லவில்லை.

செத்தவீட்டுக்குப் போனால் முழுக வேண்டும். அங்கே சாப்பிடாமல், போயிட்டு வாறன் என்று சொல்லாமல் போக வேண்டும். அப்படிப் பார்த்தால் எங்கள் வீட்டைச் செத்தவீடு என்று மச்சாள் ஒப்புக்கொண்டா. இவர் அப்படித்தான் நம்புகிறார். “அக்கா முறை தவறாதவ” என்கிறார்.

எனக்கு மச்சாளை நன்றாகத் தெரியும். இரண்டு பஸ் புழுதியில் வந்தால் யாரும் தலைக்கு ஊற்றுவார்கள். கோபம் வந்தாலும் யாரும் சாப்பிடாமல், சொல்லாமல் போவார்கள். இந்த இரண்டு முடிவுக்கும் செய்கை ஒன்றுதான். எழுதுகிறவளுக்கு இதைவிடப் பெரிய சோதனை வேண்டுமா?

8

மச்சாள் போன அன்று பின்னேரம் அவர் ரோச் லைற்றையும் பன்றி கலைக்கத் தட்டுகிற தகரத்தையும் எடுத்துக்கொண்டு படலைக்குப் போனார். நான்கு வருஷமாக அந்த இடத்தில் நின்று “வாடா துரை” என்பார். அன்றைக்கும் நின்றார். வாய் திறந்தது. நான் குசினி வாசலில் நின்றேன்.

“போயிட்டு வாறன்” என்றார்.

வயலுக்குப் போகும்போது இவர் என்னிடம் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. எனக்குச் சொன்னாரா, பாலைமரத்தடிக்குச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. அரைவாசி நெல்லாவது வீடு வந்தது.

கதையை வாசிக்கக் கொடுத்தேன். அந்தக் குறட்டைப் பேச்சைத் தன் வாயில் ஏன் போட்டாய் என்று கேட்காமல், ஒன்றே ஒன்று சொன்னார்: “வால் ஆட்டினதை எடுத்துப்போடாதை.” எடுக்கவில்லை.

இனி முடிவு. கொழும்பில் பத்திரிகை ஆசிரியர் ஒருவர் சிவப்பு மையோடு காத்திருக்கிறார். ‘செத்துப்போனான்’ என்று நான் எழுதினால் அஃறிணை என்று திருத்துவார். ‘செத்துப்போச்சு’ என்று எழுதினால் வீட்டில் ஒருவர் என்னோடு கதைக்க மாட்டார். ஆகவே இரண்டையும் நான் எழுதப் போவதில்லை. பாதிச் சொல்லைத் தருகிறேன். மிச்சத்தை நீங்கள் போடுங்கள், வாய்விட்டுச் சொல்லுங்கள். உங்கள் வாயில் எது வருகிறதோ அதுதான் முடிவு. ஆனால் யோசித்துக்கொண்டு இருக்காதீர்கள். அரைகுறையாக விட்டால் அது ஏவலாகிவிடும். மீன் தலைக்காகக் குசினிக்குப் பின்னால் காத்து நின்றவனைப் பார்த்து அந்தச் சொல்லை நான் சொன்னதாக இருக்கக் கூடாது. கெதியாக முடித்துவிடுங்கள்:

எங்கட துரை செத்துப்போ