வாரேனுங்க

தேயிலை விற்கத்தான் கோயமுத்தூர் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அது பொய்யில்லை. ஆனால் தேயிலை விற்கப் போகிறவள் விடியற்காலையில் மூன்று சேலையை மாற்றி மாற்றிக் கட்டிப் பார்க்கமாட்டாள்.

பீளமேட்டில் ஒரு ஹோட்டல் கம்பெனி. அவர்களுடைய எல்லா ஹோட்டலுக்கும் என் டீத்தூளை வாங்குவது பற்றிப் பேச அழைத்திருந்தார்கள். மெயிலின் அடியில் அருள்குமார், பர்ச்சேஸ் மேனேஜர் என்று இருந்தது. என்னோடு படித்த அவிநாசி அருள்குமாரேதான். அந்த ஆபீசுக்கு எதிரே இருக்கும் பேக்கரியில், கல்லூரியின் கடைசி நாள், "சரி கண்ணு, வாரேன்" என்று எழுந்து போனவன். வருவான் என்று பதினொரு வருடமாக இருக்கிறேன். சொன்னால் சிரிப்பீர்கள். நானே சிரித்திருக்கிறேன்.

வால்பாறையிலிருந்து இறங்கும் நாற்பது கொண்டை ஊசி வளைவிலும் ஒரே கேள்வியைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஏன் வரவில்லை?

மீட்டிங்கில் ஆறு பேர். அருள்குமாருக்கு முன்நெற்றியில் முடி குறைந்திருந்தது. அதுவும் எனக்கு அழகாகத் தெரிந்தது, என் தலையெழுத்து. "வாங்க மேடம், உக்காருங்க" என்றான். என் டீயை உறிஞ்சிவிட்டு, "கலர் நல்லா எறங்குதுங்க" என்றான். அந்த 'ங்க' எல்லாருக்கும் போடுவதுதான். ஆனாலும் ஒவ்வொன்றும் குத்தியது. ஆர்டர் எனக்கே என்று முடிவானது. மாதாமாதம் ஐந்தாம் தேதி புதுச் சரக்கின் சாம்பிளோடு நானே நேரில் வர வேண்டுமாம்.

லிஃப்ட் வாசலில் தனியாகக் கிடைத்தான்.

"எதிர்த்த பேக்கரியில டீ குடிச்சிட்டுத்தான் பஸ் ஏறுவேன்" என்றேன்.

ஒரு நொடி என்னைப் பார்த்தான். மேடம் போய் பெயர் வந்தது. "சரிங்க ரெபேக்கா. வாரேனுங்க."

பேக்கரியில் இரண்டு நாற்காலி போட்ட மேசையாகப் பார்த்து உட்கார்ந்தேன். எதிர் நாற்காலியில் பையை வைத்து இடம் பிடித்தேன். ஒரு தேங்காய் பன், ஒரு டீ, இன்னொரு டீ. முக்கால் மணி நேரம் போயிற்று. பேக்கரிக்காரர் திருமலைசாமி டீத்தூளைக் கொதிக்க வைத்தே கொன்றுகொண்டிருந்தார். வேறு நாளாக இருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

பக்கத்து மேசைக்காரர் எழுந்தார். "ஏனுங்க திருமலைசாமி, வாரேனுங்க."

"வாங்க, வாங்க" என்றார் பேக்கரிக்காரர், தலையை நிமிர்த்தாமலே. அந்த மனிதர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. போகிறேன் என்று சொல்லக்கூடாது என்பதற்காக எல்லாரும் சொல்கிற வாரேன். காலையில் வாசல்படி இறங்கும்போது அம்மாவிடம் நானே சொன்னதுதான். அருள்குமார் இன்றைக்குச் சொன்னதும் அதுதான். அன்றைக்குச் சொன்னதும் அதுதான். அவன் பொய் சொல்லவில்லை. விடைபெற்றுப் போனவனுக்காக நான்தான் பதினொரு வருடம் காத்திருந்திருக்கிறேன். நாற்பது வளைவிலும் சுமந்து வந்த கேள்விக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

அழுகை வந்தது. அழுதுகொண்டே பன்னைத் தின்று முடித்தேன். காசு கொடுத்துவிட்டு, வேண்டுமென்றே, "போறேனுங்க" என்றேன்.

திருமலைசாமி பதறிப்போனார். "அப்படிச் சொல்லக்கூடாதுங்க அம்மணி. வாரேன்னு சொல்லுங்க."

"வாரேனுங்க" என்றேன்.

வாசலைத் தாண்டும்போதே தெரிந்துவிட்டது. அடுத்த மாதம் ஐந்தாம் தேதியும் இதே மேசையில்தான் உட்காருவேன். எதிர் நாற்காலியில் பையை வைப்பேன்.