மாப்பிள்ளை வயிற்றில் மிதந்த கட்டி

ஸ்கேன் எடுக்க மாமியாரைத் துணைக்குக் கூட்டி வந்த ஆண் ஒருவரை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். ஆள் பேருந்து ஓட்டுநர். மனைவிக்கு வேலையில் லீவு கிடைக்கவில்லையாம்.

ஸ்கேனுக்கு மூத்திரப்பை நிறைய வேண்டும் என்பதால் வெளியே சிஸ்டர் அரை மணிக்கொரு தரம், “யூரின் முட்டுதா?” என்று கேட்டிருக்கிறார். “இல்லையே” என்றதும் இன்னொரு பாட்டில் தண்ணீர். இப்படி மூன்று பாட்டில் உள்ளே போய்விட்டது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை, எனக்கும்தான்.

ஜெல் தடவிக் கருவியை வைத்தேன். திரை முழுக்க மூத்திரப்பை. சுவர் மடிப்பு மடிப்பாக இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நெளிந்தது! இருபது வருடத்தில் நெளிகிற மூத்திரப்பையை நான் கண்டதில்லை. போதாக்குறைக்கு உள்ளே எலுமிச்சம்பழம் அளவில் ஏதோ ஒன்று.

“முன்னாடி ஆபரேஷன் ஏதாவது?”

“குடலிறக்கத்துக்குப் பண்ணாங்க,” என்று மாமியார் முந்திக்கொண்டார். மாப்பிள்ளை கூரையைப் பார்த்தார்.

“உள்ள கட்டி மாதிரி தெரியுது. பையையே எடுக்க வேண்டி வரலாம். இப்பவே சர்ஜன்கிட்ட பேசறேன்,” என்று போனை எடுத்தேன்.

“ஐயோ, என் பொண்ணு வாழ்க்கை!” என்று மாமியார் அலறினார்.

“டாக்டர், அத்தைய கொஞ்சம் வெளிய...”

“ஒரு அடி நகர மாட்டேன்!”

மாப்பிள்ளை கண்ணை இறுக மூடிக்கொண்டு கொட்டிவிட்டார். “குடலிறக்கம் இல்ல டாக்டர். பை சின்னதா இருக்குன்னு என் குடல்லயே ஒரு துண்டு வெட்டி அதோட சேத்துத் தச்சிருக்காங்க. எனக்கு முட்டவே முட்டாது. நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா குழாய் விட்டுத்தான் எடுக்கணும்.”

“கடைசியா எப்ப எடுத்தீங்க?”

“காலைல ஏழுக்கு.”

மணி ஒன்று. எடுத்த போனைக் கீழே வைத்தேன். குடல் என்றால் மடிப்பு இருக்கும், நெளியும், சளியும் சுரக்கும். இதுகூடத் தோன்றாமல் ஆளைக் கத்திக்கு அனுப்பப் பார்த்தேனே! நான்காவது பாட்டிலும் இறங்கியிருந்தால் பையே கிழிந்திருக்கும்.

மாமியாரை மறைப்புக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டு, குழாய் போட்டு வடித்து, உப்புநீர் விட்டுக் கழுவினோம். என் ‘கட்டி’ வழவழவென்று சளியாகக் கிண்ணத்தில் வந்து விழுந்தது. மறுபடி பார்த்தேன், பை சுத்தமாக இருந்தது.

“மன்னிச்சுக்கோங்க அத்தை,” என்றார் படுத்தபடியே. “வெக்கமா இருந்துச்சு, அதான் சொல்லல.”

“எனக்குத் தெரியாதா மாப்பிள்ளை? பரண்ல நீங்க ஒளிச்சு வைக்கிற குழாய் டப்பாவ யாரு தூசி தட்டுறாங்கன்னு நெனச்சீங்க? உங்க மானம் போயிடக் கூடாதேன்னுதான் நானும் குடலிறக்கம்னே சொல்லிட்டுத் திரியறேன். இன்னும் ஒரு நிமிஷம் நீங்க வாயத் தொறக்கலேன்னா நானே சொல்லியிருப்பேன்.” மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. “இனிமே எந்த டாக்டர் கேட்டாலும் உள்ளத உள்ளபடி சொல்லுங்க. வெக்கத்த நான் பாத்துக்கறேன்.”