கொன்றையடிச் சந்தி வட்டம்

வீதி வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியர் வீரகத்தி அன்று காலையிலிருந்து ஓரிடத்தில் நிற்கவில்லை. பரந்தனுக்குத் தெற்கே, கண்டி வீதியில் கிழக்கேயிருந்து முல்லைத்தீவுப் பக்கத்துப் பாதை வந்து ஏறும் கொன்றையடிச் சந்தியில், சுண்ணாம்பால் ஒரு வட்டம் கீறி, அதைச் சுற்றி வெற்றுத் தார்ப் பீப்பாக்களை நிறுத்தியிருந்தார். வாகனங்கள் அதைச் சுற்றிப் போய்ப் பழகட்டும் என்று இரண்டு நாள் பரீட்சை. திங்கட்கிழமை அந்தக் கோட்டில் கல் பதிக்க வேண்டும்.

அது அறுபத்திரண்டாம் ஆண்டு. இரண்டு வருஷத்தில் அந்தச் சந்தியில் ஏழு விபத்துகள் நடந்து, மூன்று பேர் இறந்திருந்தார்கள். அதனால்தான் சுற்றுவட்டம் போட முடிவானது. வரைபடம் வீரகத்தி கீறியது. வவுனியாவில் இஞ்சினியர் கையெழுத்தும் வைத்துவிட்டார்.

தெற்கே நடந்துபோய்ப் பார்த்தார். வட்டம் சரியாகத்தான் இருந்தது. வருகிற வாகனம் இடப்பக்கம் வளைந்து, வேகம் குறைத்துத்தான் போக வேண்டும். சைக்கிளை எடுத்துக்கொண்டு வடக்கே போய்த் திரும்பிப் பார்த்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வரும் வீதி வட்டத்தின் கிழக்கு ஓரத்தை உரசிக்கொண்டு அடிமட்டம் வைத்துக் கீறினாற்போல நேரே ஓடியது. வளைவே இல்லை. திரும்பவும் தெற்கே போனார். திரும்பவும் வடக்கே வந்தார்.

காரணம் அவருக்குத் தெரியும். கிழக்கு மூலையில் கமலாசனியின் தேத்தண்ணிக் கடை இருந்தது. புருஷன் இல்லாதவள், ஒரு மகளை வைத்துக்கொண்டு அந்தக் கடையால்தான் சீவியம். முதலில் கீறிய படத்தில் வட்டம் சந்தியின் நடுவில் இருந்தது. அப்படிப் போட்டால் வீதி அவளுடைய கடை முகப்பைத் தின்றுவிடும். தினமும் அங்கே புட்டுச் சாப்பிடுகிற வீரகத்தி, ஒருவருக்கும் சொல்லாமல் வட்டத்தைப் பன்னிரண்டு அடி மேற்கே தள்ளிக் கீறினார். ஒரு நல்ல காரியம் செய்ததாகவே அப்போது நினைத்திருந்தார்.

பத்து மணிக்கு கருவாட்டு வியாபாரி மீராசாகிபு ஓட்டிவந்த லொறி சிப்பங்களோடு முல்லைத்தீவுப் பாதையால் வந்து, வட்டத்துக்குள் மெல்ல மூக்கை நீட்டியது. அதே நேரம் வடக்கிலிருந்து வந்த பஸ் வேகம் குறைக்கவேயில்லை. மீராசாகிபு பிறேக்கை மிதித்தார். பஸ் ஒரு பீப்பாவை அடித்துத் தூக்கிக்கொண்டு, லொறிக்கு ஒரு முழத்துக்கு முன்னால் கடந்து போனது. சிப்பங்கள் சரிந்து வீதியில் விழுந்தன.

வீரகத்தி ஓடிப்போய் லொறியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பஸ்காரனைப் பற்றி முறைப்பாடு எழுதப்போவதாகச் சொன்னார்.

மீராசாகிபு இறங்கிச் சிப்பங்களைப் பார்த்தார். பிறகு வடக்கே பார்த்தார்.

"அவனிலை பிழை சொல்லாதீங்கோ ஐயா. பாதை நேரே போ எண்டு சொல்லுது, அவன் போறான்."

வீரகத்தியால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. நேரே கடைக்குப் போய், நின்றபடியே கமலாசனியிடம் எல்லாவற்றையும் சொன்னார். வட்டம் எங்கே இருந்திருக்க வேண்டும், ஏன் தள்ளினார், அதனால் இப்போது என்ன நடக்கப் பார்த்தது என்பதையெல்லாம்.

அவள் அடுப்பை விட்டு வெளியே வந்து, வாசலில் கிடந்த பலகை வாங்கிலருகே நின்றாள்.

"என்னட்டை ஏன் கேக்கேல்லை?"

"கடை போகுமெண்டு சொல்ல எனக்கு மனம் வரேல்லை, அக்கா."

"அடிபட்ட ஆக்களை இந்த வாங்கிலைதான் கொண்டுவந்து கிடத்திறவை. செத்த மூண்டு பேருக்கும் நான்தான் தண்ணி பருக்கினனான். எனக்காண்டித் தள்ளினதெண்டு அறிஞ்சிருந்தால், கடையை நானே பிரிச்சிருப்பன்."

வீரகத்தி அடுத்த பஸ்ஸில் ஏறி வவுனியாவுக்குப் போனார். இஞ்சினியர் கோபப்பட்டார். கையெழுத்தான படத்தை மாற்றுவதென்றால், பிழை யாருடையது என்று எழுத்தில் வேண்டும் என்றார். வீரகத்தி அங்கேயே கடதாசி வாங்கி, பிழை தன்னுடையது என்று எழுதிக் கொடுத்தார். மறுநாள் சனிக்கிழமை இஞ்சினியர் தானே வந்து, வடக்குப் பக்கம் நெடுநேரம் நின்று பார்த்தார். பிறகு பீப்பாக்களை நடுவுக்கு நகர்த்தச் சொன்னார். வடக்கிலிருந்து வரும் வீதியும் இப்போது வளைந்தது.

கமலாசனி கடையைப் பிரித்துப் பின்னால் இருந்த வளவில் கட்டினாள். வியாபாரம் முன்போல இல்லை; வீதியால் போகிறவர்களுக்குக் கடை தெரிவதில்லை என்று அவள் மறைக்காமல் சொன்னாள். வீரகத்திக்கு அந்த வருஷம் கிடைக்க வேண்டிய பதவி உயர்வு கிடைக்கவில்லை. வட்டம் கட்டி முடிந்த பிறகு ஒரு மாட்டு வண்டிலின் சில்லு உடைந்தது, ஒரு காரின் மட்காட் நெளிந்தது. உயிர்ச்சேதம் இல்லை.

மாரி தொடங்கி முதல் மழை விழுந்த காலை, வீரகத்தி கமலாசனியின் கடையில் குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். ஈரத்தில் அந்த வடக்கு வளைவில் சில்லுகள் வழுக்காது என்று அவர் கணக்குப் பார்த்திருந்தார்; ஆனாலும் கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு மழைக்குள் இறங்கினார்.