தொண்ணூற்றாறாம் பக்கத்துக்கு அப்புறம்

குகனின் முதல் நாவல் வெளியானபோது அவனுக்குப் பதினொரு பொன்னாடைகள் கிடைத்தன. வாசகர் ஒருவர்கூடக் கிடைக்கவில்லை.

பிரிக்பீல்ட்ஸில் நூல் வெளியீட்டுக்கு என்று ஒரு முறை உண்டு. முதல் பிரதியை டத்தோ பட்டம் பெற்ற பிரமுகர் ஒருவர் வாங்குவார். பிறகு மற்றவர்கள் வரிசையாக மேடையேறி, ஆளுக்கொரு பிரதியை நெஞ்சுக்கு நேராகப் பிடித்தபடி எழுத்தாளரோடு படம் எடுத்துக்கொண்டு, அப்படியே கறிபாப் பலகார மேசைக்கு இறங்கிவிடுவார்கள். அன்றைக்கு முந்நூறு பிரதிகள் போயின. பதினொரு மாதமாக, படித்தேன் என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான்: "அடுத்த நாவல் எப்ப?"

அவர்களைக் குறை சொல்லக் குகனுக்கு வாயில்லை. அவனே இன்னும் அந்தப் புத்தகத்தைத் திறக்கவில்லை.

குகன் கையால்தான் எழுதுவான். எழுதியதை மனைவி தாமரைதான் தட்டச்சு செய்வாள். செந்தூல் ஃபிளாட்டின் சாப்பாட்டு மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, ஒரு வரியை அடிப்பாள், ஒரு வரிக்குச் சண்டை பிடிப்பாள். நாவல் அச்சுக்குப் போன ஒன்பதாம் நாள் அலுவலக லிஃப்டில் மயங்கி விழுந்தாள். எழுந்திருக்கவில்லை. வயது முப்பத்தொன்று. அவளுடைய பதினாறாம் நாள் காரியத்தன்று அச்சகத்திலிருந்து ஐந்து பெட்டிகள் வந்து இறங்கின. வந்தவர்கள் இடமில்லாமல் அவற்றின் மேல் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தவர் தாமரையின் அண்ணன் கமலநாதன். கல்யாண மணவறை அலங்காரம் அவர் தொழில். கோயில் திருவிழா மலர் அடிக்கும் கிள்ளான் அச்சகம் ஒன்றைப் பிடித்துக் கொடுத்தவரும் அவர்தான். மணவறை போடப் போகிற இடத்தில் மாப்பிள்ளையிடம் ஒன்று, பெண்ணின் தகப்பனிடம் ஒன்று என்று விற்றுவிடுவார். தங்கை தட்டச்சு செய்த புத்தகம் என்று யாரிடமும் சொல்ல மாட்டார். விற்பார், அவ்வளவுதான். இரண்டாவது நாவல் பொங்கலுக்கு வருகிறது என்று ஃபேஸ்புக்கிலும் போட்டுவிட்டார்.

இரண்டாவது நாவலில் இதுவரை ஒரு வரி இருந்தது. 'மழை நிற்கவில்லை.' அந்த வரியை எழுதிவிட்டு நிமிர்ந்தால் எதிர் நாற்காலி தெரியும். மூடிவைத்துவிடுவான்.

ஆகவே, ஒரு சனிக்கிழமை பிற்பகல், பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடி மண்டபத்தில் தன் நாவலுக்கு நடந்த கலந்துரையாடலுக்கு, குகன் சட்டைப்பையில் ஒரு துண்டுச் சீட்டோடு போனான். ஏற்புரைக்காக எழுதியது. 'இதுவே கடைசி. நன்றி.'

காரிலேயே மச்சான் கமலநாதன் அதைப் பிடுங்கிப் படித்துவிட்டார்.

"மாப்ளே, வெளாடாத லா. பொங்கல்னு போஸ்ட் போட்டிருக்கேன். இருநூறு லைக்கு."

"அழிச்சிருங்க."

"ஒரே ஒருத்தன் எந்திரிச்சு 'நான் படிச்சேன்'னு சொல்லிட்டா?"

குகன் யோசித்தான். "சொன்னா பாப்போம்."

முன்வரிசைகளில் நாற்பது பேர் உட்காரலாம். உட்கார்ந்திருந்தது ஒன்பது பேர். திறனாய்வாளர் ரெங்கசாமி ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஒலிவாங்கி இருந்தாலும் கத்தித்தான் பேசுவார்.

"இந்த நாவலின் உச்சம் தொண்ணூற்றாறாம் பக்கம்!" என்றார். "லோரி ஓட்டும் முருகையா இரண்டு பஸ் மாறி, பந்திங்கில் இறங்கி, காதலி வாணியின் கதவைத் தட்டுகிறான். 'கதவு திறந்தது. வாசலில் நின்றது' என்று பக்கம் முடிகிறது. நெஞ்சு படபடக்கப் புரட்டுகிறேன். வாசலில் நின்றது யார்?" சபையை ஒரு சுற்றுப் பார்த்தார். "ஆலயத் தலைவர்!"

சிரிப்பதா வேண்டாமா என்று சபைக்குத் தெரியவில்லை.

"ஆம். ஆலயத் தலைவரின் வாழ்த்துரை, வண்ணப் படத்தோடு. அடுத்து நன்கொடையாளர் பட்டியல். அடுத்து தீமிதி நிகழ்ச்சி நிரல். ஒரு சைவ கேட்டரிங் விளம்பரம். மொத்தம் பதினாறு பக்கம்! காதலின் வாசலைச் சமூகம் வந்து மறிக்கிறது என்பதை இதைவிடத் துணிச்சலான உத்தியால் யார் சொன்னார்கள்?"

கைதட்டல் எழுந்தது. குகன் மேசையில் இருந்த தன் நாவலை முதன்முறையாகத் திறந்தான். தொண்ணூற்றாறைத் திருப்பினான். கழுத்தில் மாலையும் நெற்றி நிறைய விபூதியுமாக ஒருவர் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

மச்சான் எட்டிப் பார்த்தார். "மாப்ளே! இவரு கிள்ளான் கோயில் தலைவர்லா. இவரு மகனுக்கு நான்தான் மணவறை போட்டேன்."

"நம்ம புக்குல என்ன பண்றாரு?"

மச்சான் உற்றுப் பார்த்தார். "வாழ்த்துறாரு."

பின்வரிசையில் நாற்காலி நகர்ந்தது. நீலத் துடோங் முக்காடு அணிந்த ஒரு பெண், நாற்பது நாற்பத்தைந்து வயதிருக்கும், கையைத் தூக்கிக்கொண்டே எழுந்துவிட்டார். கையில் இருந்த பிரதியில் அழுக்கு ஏறியிருந்தது. பக்கத்துக்குப் பக்கம் துணிக்கடை விலைச்சீட்டு அடையாளமாகச் செருகியிருந்தது.

"அங்கிள், கொஞ்சம் நிறுத்துங்க. என் பேரு ஹபீபா. கிள்ளான்ல துணிக்கடை வச்சிருக்கேன். இது உத்தியும் இல்ல ஒண்ணும் இல்ல. பைண்டிங் பண்ணவன் பக்கத்த மாத்தி வச்சுட்டான். தொண்ணூத்தாறுல கதவு தொறக்குது. நூத்திப் பதிமூணுல அந்தப் பொண்ணு ஆறு மாசம். நடுவுல என்னதான் லா நடந்துச்சு?"

இப்போது சபைக்குத் தெரிந்துவிட்டது. ஒன்பது பேரும் சிரித்தார்கள்.

"சிரிக்காதீங்க. ஒரு வருசமா எனக்குத் தூக்கம் கெட்டுப்போச்சு. புக்குல போட்ட நம்பருக்கு எத்தன தடவ அடிச்சேன்? ஒரு தடவகூட எடுக்கல."

அந்த எண் தாமரையுடையது. குகன் ஒலிவாங்கியை இழுத்தான்.

"வாணியோட அப்பா கதவைத் தொறப்பாரு."

"அப்புறம்?"

"திட்டி அனுப்பிருவாரு."

"அப்பாவா? பின்ன எப்படித் தம்பி ஆறு மாசம்?"

"அப்புறம் பஸ் ஸ்டாப்புக்கு அவ ஓடி வந்து…"

"வேணாம், வேணாம். வாயால சொல்லாதீங்க. நான் வாங்குனது புக்கு. அந்தப் பதினாறு பக்கம் வேணும். கடை அட்ரஸ் தரேன், கொண்டாந்து குடுங்க."

எதிரே இருந்து ஒருவர் அவன் கதைக்காகச் சண்டை பிடித்து எவ்வளவு நாளாகிறது என்று குகனுக்குத் தோன்றியது. சீட்டைப் பையிலிருந்து எடுக்கவில்லை. ஏற்புரையில் "தரேன்" என்று மட்டும் சொன்னான். பிரிக்பீல்ட்ஸின் வரலாற்றிலேயே சுருக்கமான ஏற்புரை அதுதான் என்று மச்சான் பிற்பாடு எல்லாரிடமும் சொன்னார்.

கொடுப்பதற்குத்தான் வழியில்லை. கையெழுத்துத் தாள்களைத் தாமரை அப்போதே 'பேப்பர் லாமா' என்று ஒலிபெருக்கியில் கூவி வரும் பழைய பேப்பர் லோரிக்குப் போட்டிருந்தாள். அவளுடைய மடிக்கணினியின் கடவுச்சொல் அவளோடு போய்விட்டது. அச்சகத்துக்கு போன் செய்தால், "கம்ப்யூட்டர் வைரஸ் பாஸ், எல்லாம் போச்சு" என்றார்கள்.

மச்சான்தான் கண்டுபிடித்தார். நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பாதியில் மூடிவிட்டு, "மாப்ளே," என்றார். "அவங்க பக்கம் நம்ம புக்குக்கு வந்திருக்குன்னா, நம்ம பக்கம் எங்க போயிருக்கும்?"

ஞாயிறு காலை கிள்ளான் கோயிலில் நின்றார்கள். செயலாளர் சுகுமாறன் அலுவலக அலமாரியைத் திறக்காமல் அதன்மேல் சாய்ந்துகொண்டார்.

"போன திருவிழா மலரா? அதுக்கு இப்பப் பெரிய டிமாண்டுலா. ரெண்டாயிரம் அடிச்சோம். அதுல ஒரு ஐந்நூறுல மட்டும் தலைவர் வாழ்த்துரைய காணோம். அங்க ஒரு கதை இருக்கு. வாழ்த்துரை போட்ட மலர திருப்பிக் குடுத்துட்டுக் கதை போட்டத கேக்குறாங்க."

"யாரு?" என்றான் குகன்.

"விளக்குப் பூசைக்கு வர்ற ஆன்டிங்க. வெள்ளிக்கிழமையானா இதே பேச்சு. அந்த லோரிக்காரப் பையன் எதுக்கு அந்த வீட்டுக்கு வந்தான், கடைசியில கட்டுனானா இல்லையா? அடுத்த மலர்ல மீதி வருமா? எனக்கே தெரியல, நான் என்னத்த சொல்றது?"

மச்சானுக்கு மார்பு விரிந்தது. "யார் எழுதுனதுன்னு கேக்கலியா?"

"பேர் இல்ல. தலைவர் பக்கத்துல வந்ததால தலைவர்தான் எழுதுனாருன்னு பேச்சு." சுகுமாறன் குரலைத் தாழ்த்தினார். "அவரும் இல்லேன்னு சொல்லல."

குகன் விஷயத்தைச் சொன்னான். சுகுமாறன் அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அலமாரியின் அடியிலிருந்து ஒரு மலரை எடுத்து, செய்தித்தாளில் சுற்றிக் கையில் திணித்தார்.

"எடுத்துட்டுப் போங்க. தலைவர்ட்ட மட்டும் ஒண்ணும் சொல்லிராதீங்க. இப்பத்தான் கவிதையும் எழுத ஆரம்பிச்சிருக்காரு."

செருப்பு வைக்கும் இடத்தருகே ஒரு பெஞ்சு இருந்தது. குகன் அதில் உட்கார்ந்து மலரைத் திறந்தான். அமைச்சரின் வாழ்த்துக்கும் சட்டமன்ற உறுப்பினரின் வாழ்த்துக்கும் பிறகு, தொண்ணூற்றேழாம் பக்கம்.

முதல் சொல்லே இடித்தது. அங்கே அப்பா இல்லை.

அந்த வரிக்குத்தான் அவர்கள் மூன்று நாள் சண்டை பிடித்தார்கள். "ரெண்டு பஸ் மாறி வந்திருக்கான், பாவம். அப்பாவா வந்து தொறக்கணும்? அவளே தொறக்கட்டும்," என்றாள் தாமரை. "கதைக்கு அப்பா வேணும்," என்றான் குகன். "கதைக்கு வேணும். அவளுக்கு வேணாம்," என்றாள். அவன் விட்டுக்கொடுக்கவில்லை. நான்காம் நாள் அவள் ஒன்றும் சொல்லாமல் தட்டச்சுக்கு உட்கார்ந்தாள். ஜெயித்துவிட்டோம் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

அச்சில் இப்படி இருந்தது:

'வாணி. அவனை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். "செருப்ப வெளியில விடு," என்றாள். "இப்பத்தான் மொப் போட்டேன்."'

குகன் அதை இரண்டு தடவை படித்தான். அந்தக் குரலை அவனுக்குத் தெரியும். ஐந்து வருடம், தினம் மாலை ஆறரை மணிக்கு, செந்தூல் ஃபிளாட்டின் வாசலில் நின்று கேட்ட குரல். வயிற்றிலிருந்து ஏதோ கிளம்பியது. இருமல் என்று நினைத்தான். சிரிப்பாக வந்தது. அடக்கப் பார்த்தான். பெஞ்சு ஆடும் அளவுக்கு வந்தது. பால்குடத்தோடு உள்ளே போய்க்கொண்டிருந்த ஒரு குடும்பம் சுற்றிக்கொண்டு போனது.

"மாப்ளே? மாப்ளே, என்னாச்சு?" மச்சான் பயந்துபோனார்.

குகன் பக்கத்தைக் காட்டினான். மச்சான் உதடசையப் படித்தார். படித்துவிட்டு, அங்கே இருந்த நூறு செருப்புகளையும் எண்ணுவதுபோல வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னையும் வெளியிலதான் நிக்க வைப்பா," என்றார். "மணவறைத் தூண் தூக்குன காலோட உள்ள வராதன்னு." பிறகு சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஹபீபாவின் கடை அங்கிருந்து பத்து நிமிடம். மலரை வாங்கியதும் நின்றபடியே படிக்க ஆரம்பித்துவிட்டார். ஒரு வாடிக்கையாளர் பருத்திப் புடவை கேட்டார்.

"ஆன்டி, செத்த உக்காருங்க. இங்க கதவு தொறந்துக்கிட்டு இருக்கு."

ஆன்டி உட்கார்ந்தார். குகன் நின்றான். ஒருவர் தன் எழுத்தைப் படிக்கும்போது முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பது எப்படி இருக்கும் என்பது அவனுக்கு மறந்தே போயிருந்தது. பதினாறு பக்கத்தையும் முடித்துவிட்டு ஹபீபா விரலை ஒரு வரியில் வைத்தார்.

"அப்பா தொறப்பாருன்னீங்க?"

"நான் அப்படித்தான் எழுதுனேன்."

"பின்ன?"

"டைப் பண்ணவங்க மாத்திட்டாங்க. எனக்கே இன்னிக்குத்தான் தெரியும்."

"யாரு?"

"என் வைஃப். நீங்க அடிச்ச நம்பர் அவங்களோடது. அவங்க இப்ப இல்ல."

ஹபீபா மலரை மூடவில்லை. விரலையும் எடுக்கவில்லை. உட்கார்ந்திருந்த ஆன்டி கைப்பையைத் திறந்து எதையோ தேடினார்.

"அதான் பாத்தேன்," என்றார் ஹபீபா கடைசியில். "மத்ததெல்லாம் நீங்க எழுதுனது, தெரியுது. இந்த இடம் மட்டும்தான் நல்லாருக்கு."

குகனுக்குக் கோபம் வரவில்லை. அது உண்மை.

"ரெண்டாவது எவ்ளோ தூரம்?"

"ஒரு வரி."

"சொல்லுங்க."

"மழை நிற்கவில்லை."

ஹபீபா முகத்தைச் சுளித்தார். ஆன்டியைப் பார்த்தார். ஆன்டியும் உதட்டைப் பிதுக்கினார்.

"வேணாம் தம்பி. எடுத்துருங்க. வேற எழுதிட்டு வாங்க, நான் பாத்துச் சொல்றேன். பிரஸ்ஸுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி. ஞாயித்துக்கெழம கடை அஞ்சு மணி வரைக்கும்."

திரும்பும்போது மச்சானின் வேனில் பின்னால் தெர்மாகோல் தூண்களும் பிளாஸ்டிக் மல்லிகையும் குலுங்கிக்கொண்டு வந்தன. ஃபெடரல் நெடுஞ்சாலையில் வண்டிகள் நகரவில்லை. குகன் சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்தான். 'இதுவே கடைசி. நன்றி.' அதைத் திருப்பி, முழங்காலில் வைத்து எழுத ஆரம்பித்தான். சுபாங் வருவதற்குள் சீட்டு நிறைந்துவிட்டது.

"வேற பேப்பர் இருக்கா, மச்சான்?"

மச்சான் கண்ணாடிக்கு மேலே செருகியிருந்த ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்து நீட்டினார். பின்பக்கம் வெற்றாக இருந்தது.

"என்னா மாப்ளே, எத்தன பக்கம் ஆச்சு?"

"ஒருத்தன் வெளியில நிக்கிறான். இன்னும் உள்ள விடல."

"செருப்பக் கழட்டிட்டானா?"

"கழட்டிட்டான்."

"அப்பச் சரி," என்றார் மச்சான். "நீ எழுது. இந்தத் தடவ நான் வேற பிரஸ் பாக்குறேன்."